மெழுகுதிரிக்காரன் கண்ட இதயம்

எட்டாம் ஹென்றி மன்னனின் ஆறு மனைவியரின் பெயர்களையும் ஒழுங்கு மாறாமல் சொல்லத் தெரிந்தால் வகுப்பில் அதுவே பெரிய விடயம். முதலாவது பெயர் கதரின். ஸ்பெயின் நாட்டு இளவரசி, மன்னன் தள்ளிவைத்த மனைவி, அந்த வழக்கினால் இங்கிலாந்துத் திருச்சபை உரோமிலிருந்து பிரிந்தது. எங்கள் கொப்பிகளில் அவளுக்கு இந்த மூன்று வரிகள்தான். அடுத்த வரியில் ஆன் பொலின் வந்துவிடுகிறாள்.

கதரின் எப்படி இறந்தாள் என்பது கொப்பியில் இல்லை. 1536 ஜனவரி 7ஆம் திகதி, பகல் இரண்டு மணியளவில், கிம்போல்டன் என்ற ஊரிலுள்ள ஒரு கோட்டையில் அவள் உயிர் பிரிந்தது. வயது ஐம்பது. அன்றிரவே அவளது உடல் திறக்கப்பட்டது. உள்ளே எல்லா உறுப்புகளும் நல்ல நிலையில் இருக்க, இதயம் மட்டும் கன்னங்கரேலென்று இருந்தது. நஞ்சூட்டிவிட்டார்கள் என்றார்கள் சிலர். துயரம் தின்ற நெஞ்சு வேறெப்படி இருக்கும் என்றார்கள் வேறு சிலர். அது புற்றுநோய் என்று சொல்ல மூன்றரை நூற்றாண்டுகள் சென்றன. இந்த முடிவைத் தெரிந்துகொண்ட பிறகு அவளுடைய வாழ்க்கையைத் தொடக்கத்திலிருந்து தேடிப் படித்தேன். படித்ததை இங்கே சொல்லப் பார்க்கிறேன்.

கதரின் 1485 டிசம்பர் 16ஆம் திகதி அல்காலா தெ ஏனாரெஸ் நகரில் பிறந்தாள். தாய் காஸ்டீலின் அரசி இஸபெல்லா. தந்தை அரகோன் மன்னன் ஃபேர்டினாண்ட். இந்த இரண்டு பெயர்களும் நமக்குப் புதியவை அல்ல. அந்தலூஸின் கடைசி முஸ்லிம் அரசாக எஞ்சியிருந்த கிரனடாவை 1492 ஜனவரி 2ஆம் திகதி கையேற்றவர்கள் அவர்கள்தான். முஸ்லிம்களின் மார்க்கத்துக்கும் பள்ளிவாசல்களுக்கும் தீங்கு வராது என்று ஒப்பந்தம் எழுதிக் கொடுத்துவிட்டு, பத்து ஆண்டுகள் முடிவதற்குள் அதைக் காற்றில் பறக்கவிட்டவர்களும் அவர்கள்தான். கட்டாய மதமாற்றம், அரபு நூல்களின் எரிப்பு, கிளர்ச்சி, பிறகு மாறு அல்லது வெளியேறு என்ற கட்டளை. இஸபெல்லாவின் மகளுக்காக நாம் ஏன் இரங்க வேண்டும் என்று என் தோழி ஒருத்தி கேட்டாள். நியாயமான கேள்விதான். கிரனடா விழுந்தபோது கதரினுக்கு ஆறு வயது. அந்த வயதுப் பிள்ளை ஒப்பந்தத்தில் கையொப்பமிடவுமில்லை, அதை முறிக்கவுமில்லை. பெற்றோரின் கணக்கைப் பிள்ளையின் தலையில் கட்டுவது நம் மார்க்கத்தில் இல்லை.

வெற்றிக்குப் பின் அந்தக் குடும்பம் அல்ஹம்ரா அரண்மனையில் தங்கி வாழ்ந்தது. வெற்றியாளன் இறைவன் ஒருவனே என்று சுவருக்குச் சுவர் அரபியில் செதுக்கப்பட்ட மாளிகை அது. கதரினின் சிறுபருவத்தின் கடைசி ஆண்டுகள் அந்தச் சுவர்களுக்கு நடுவே, அந்த நீர்த்தடாகங்களின் ஓரத்தில் கழிந்தன. ஸ்பானிய மொழியில் கிரனடா என்றால் மாதுளம்பழம். பின்னாளில் இங்கிலாந்தின் அரசியானபோது அவள் தன் சின்னமாக வைத்துக்கொண்டதும் மாதுளம்பழத்தைத்தான். ஆண்டுக்கணக்கில் அந்தச் சின்னம் ஆங்கில அரண்மனைகளின் சுவர்களிலும் திரைச்சீலைகளிலும் இருந்தது. ஹென்றி பிறகு அதைக் கழற்றச் செய்தான்.

இஸபெல்லா வளர்ந்த பிறகே இலத்தீன் கற்றவள். அந்தக் குறை தன் பெண்மக்களுக்கு வரக்கூடாது என்று நல்ல ஆசிரியர்களை அமர்த்தினாள். கதரின் இலத்தீனில் எழுதவும் பேசவும் வல்லவளானாள். வரலாறும் சட்டமும் படித்தாள். கூடவே தையலும் நெசவும் படித்தாள். அரசியான பிறகும் கணவனின் சட்டைகளைத் தன் கையாலேயே தைத்தாள் என்பார்கள். ஊசியும் புத்தகமும் ஒரே கையில் இருக்கலாம் என்று அவளைப் பார்த்துச் சொல்லலாம்.

அவளுடைய திருமணம் மூன்று வயதிலேயே பேசி முடிக்கப்பட்டிருந்தது. மாப்பிள்ளை இங்கிலாந்தின் பட்டத்து இளவரசன் ஆர்தர். 1501 மே மாதம் கிரனடாவிலிருந்து புறப்பட்டு, புயலில் ஒருமுறை திரும்பி, ஒக்டோபர் 2ஆம் திகதி பிளிமத் துறையில் இறங்கினாள். நவம்பர் 14ஆம் திகதி லண்டன் சென் போல்ஸ் பேராலயத்தில் கல்யாணம். மணமக்கள் வேல்ஸ் எல்லையிலுள்ள லட்லோ கோட்டைக்குப் போனார்கள். இருவருக்கும் நோய் வந்தது. கதரின் பிழைத்தாள். ஆர்தர் 1502 ஏப்ரல் 2ஆம் திகதி இறந்துபோனான். பதினாறு வயதில் அவள் விதவை.

இதற்குப் பிறகு வருகிற ஏழு ஆண்டுகள்தான் என்னை அதிகம் உறுத்தின. காரணம் சீதனம். பெண்ணோடு 200,000 கிரவுன் சீதனம் என்று பேச்சு. பாதிதான் கட்டியிருந்தார்கள். மாமனார் ஏழாம் ஹென்றிக்கு வாங்கிய பாதியைத் திருப்பிக் கொடுக்க மனமில்லை, மீதியை விடவும் மனமில்லை. தந்தை ஃபேர்டினாண்டுக்கோ மீதியைக் கட்ட மனமில்லை. இரு பக்கமும் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்க நடுவில் பெண் நின்றாள். நம்மிடம் கணவனை இழந்தவளின் இத்தா நான்கு மாதமும் பத்து நாளும். கதரினின் காத்திருப்பு ஏழு வருடம். 1504இல் தாய் இஸபெல்லாவும் மறைந்த பிறகு அவளுடைய பெறுமதி இன்னும் இறங்கியது. பணிப்பெண்களுக்குச் சம்பளம் கொடுக்க முடியாமல் தந்தைக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதினாள். சீதனமாகக் கணக்கிடப்பட்ட வெள்ளிப் பாத்திரங்களையே விற்றும் அடகுவைத்தும் வீட்டுச் செலவைப் பார்த்தாள். சீதனப் பேரம் ஏழை வீடுகளின் கதை என்று நினைக்கிற தோழிகளுக்கு இந்த அரண்மனைக் கதை பயன்படும்.

ஆனால் அவள் மூலையில் உட்கார்ந்து அழவில்லை. 1507இல் தந்தை அவளையே தனது தூதுவராக ஆங்கில அரசவைக்கு நியமித்தார். ஐரோப்பாவில் ஓர் அரசவைக்கு முறைப்படி நியமிக்கப்பட்ட முதல் பெண் தூதுவர் அவள் என்று சொல்லப்படுகிறது. தன்னைப் பணயப் பொருளாக வைத்திருந்த மாமனாரோடு மேசைக்கு எதிரே அமர்ந்து பேசும் நிலையை எட்டினாள்.

மாமனார் இறந்ததும் காட்சி மாறியது. புதிய மன்னன் எட்டாம் ஹென்றி, இறந்த கணவனின் தம்பி, 1509 ஜூன் 11ஆம் திகதி அவளை மணமுடித்தான். அவனுக்குப் பதினெட்டு வயதும் நிறையவில்லை. அவளுக்கு இருபத்து மூன்று. அண்ணன் மனைவியை மணப்பதற்குப் பாப்பரசரின் அனுமதி ஏற்கெனவே பெறப்பட்டிருந்தது. நம் ஊர்களில் அண்ணன் மௌத்தான பின், இத்தா முடிந்து தம்பி அந்த மதினியை நிக்காஹ் செய்து பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது அபூர்வமான காரியமல்ல. அங்கே அதற்கு ஒரு விசேட அனுமதி வேண்டியிருந்தது. அந்த அனுமதிப் பத்திரம் பின்னாளில் அவளது வாழ்க்கையையே புரட்டிப் போட்டது.

முதல் ஆண்டுகள் நல்ல ஆண்டுகள்தான். 1513இல் ஹென்றி பிரான்ஸுக்குப் போருக்குப் போனபோது நாட்டைக் கதரினிடம் ஒப்படைத்துவிட்டுப் போனான். அந்த நேரம் பார்த்து ஸ்கொட்லாந்து மன்னன் நான்காம் ஜேம்ஸ் படையெடுத்தான். ஆட்சிப் பொறுப்பில் இருந்த கதரின் படை திரட்டினாள், பணம் திரட்டினாள், தானும் வடக்கு நோக்கிப் புறப்பட்டாள். செப்டெம்பர் 9ஆம் திகதி ஃபுளொடன் களத்தில் ஜேம்ஸ் கொல்லப்பட்டான். அவனுடைய இரத்தம் தோய்ந்த மேலங்கியை அவள் பிரான்ஸிலிருந்த கணவனுக்கு அனுப்பிவைத்தாள். இந்த இடம் எனக்குப் பிடிக்கவில்லை. இஸபெல்லாவின் மகள்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

பெண் கல்வியில் அவள் செய்ததையும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். மகள் மேரியின் படிப்புக்காக, ஸ்பானிய அறிஞர் ஹுவான் லூயிஸ் விவெஸிடம் பெண்களின் கல்வி பற்றி நூல் எழுதச் செய்தாள். 1523இல் எழுதி முடிக்கப்பட்ட அந்த நூலை அவர் கதரினுக்கே சமர்ப்பித்தார். இன்று படித்தால் அதில் நமக்கு ஒத்துவராத கட்டுப்பாடுகள் நிறைய இருக்கின்றன. ஆனாலும் பெண்ணுக்குப் படிப்பு வேண்டும் என்று ஓர் அரசி கேட்டு எழுதுவித்தது அந்தக் காலத்தில் சிறிய காரியமல்ல.

அரசவையோ அவளிடம் எதிர்பார்த்தது படிப்பையல்ல, ஓர் ஆண் வாரிசை. ஆறு தடவை கருவுற்றாள் என்று வரலாற்றாசிரியர்கள் கணக்கிடுகிறார்கள். 1511 புத்தாண்டு தினத்தில் பிறந்த ஆண் குழந்தைக்கு நாடெங்கும் கொண்டாட்டம் நடந்தது. அக்குழந்தை ஐம்பத்திரண்டு நாட்களில் இறந்துபோனது. மற்றவை இறந்தே பிறந்தன, அல்லது பிறந்து சில மணி நேரத்தில் போய்விட்டன. எஞ்சியது 1516 பெப்ரவரி 18ஆம் திகதி பிறந்த மேரி ஒருத்திதான். கடைசிக் குழந்தை 1518இல் உயிரின்றிப் பிறந்தது. ஒரு தாயின் பக்கத்திலிருந்து இந்தப் பட்டியலைப் படிக்க முயன்றேன். முழுதாக முடியவில்லை.

1520களின் நடுவில் ஹென்றியின் மனம் ஆன் பொலின் பக்கம் சாய்ந்தது. உடனே அவனுக்கு ஒரு மார்க்கச் சந்தேகமும் வந்துவிட்டது. அண்ணன் மனைவியை மணந்ததால்தான் இறைவன் ஆண் வாரிசைத் தரவில்லை, ஆகவே இத்திருமணம் ஆரம்பத்திலிருந்தே செல்லாது என்றான். தலாக் அல்ல அவன் கேட்டது. நடந்த கல்யாணம் நடக்கவேயில்லை என்ற தீர்ப்பைக் கேட்டான். அப்படியானால் இத்தனை வருடமும் அவள் மனைவியல்ல, மேரி முறைப்படி பிறந்த மகளும் அல்ல. ஆர்தரோடு தான் கணவன் மனைவியாக வாழவேயில்லை என்று கதரின் சத்தியம் செய்தாள். அந்தச் சொல்லிலிருந்து இறுதிவரை மாறவேயில்லை.

1529 ஜூன் 21ஆம் திகதி பிளக்ஃப்ரையர்ஸில் கூடிய திருச்சபை நீதிமன்றத்தில் அவள் எழுந்தாள். நீதிபதிகளைப் பார்த்துப் பேசவில்லை. கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு போய்க் கணவனின் காலடியில் முழந்தாளிட்டு, எல்லோர் முன்னிலும் அவனிடமே நியாயம் கேட்டாள். பிறகு எழுந்து, வணங்கி, வெளியே நடந்தாள். மூன்று முறை பெயர் சொல்லி அழைத்தார்கள். திரும்பவில்லை.

1531 ஜூலையில் ஒருநாள் ஹென்றி வின்ட்ஸர் கோட்டையில் அவளை விட்டுவிட்டு, போகிறேன் என்றுகூடச் சொல்லாமல் புறப்பட்டுப் போனான். அதன்பின் அவனை அவள் காணவேயில்லை. மகள் மேரியையும் அவளிடமிருந்து பிரித்தார்கள். தாயும் மகளும் உயிரோடிருந்தும் மீண்டும் ஒருபோதும் சந்திக்க விடப்படவில்லை. 1533இல் ஹென்றி ஆனை மணந்தான். பேராயர் கிரான்மர் முதல் திருமணம் செல்லாது என்று தீர்ப்பளித்தார். இனி அவள் அரசி அல்ல, ஆர்தரின் விதவை மட்டுமே என்று கட்டளை வந்தது. அவள் ஏற்கவில்லை. விதவை இளவரசி என்று விளித்துப் பேசியவர்களோடு பேசவும் மறுத்தாள். அடுத்த ஆண்டு உரோமின் தீர்ப்பு அவளுக்குச் சார்பாக வந்தது. ஆனால் அதற்குள் இங்கிலாந்தில் உரோமின் சொல்லுக்குச் செல்வாக்கு இல்லாமல் போயிருந்தது.

வீடு வீடாக மாற்றி, 1534 மே மாதம் கிம்போல்டனுக்குக் கொண்டுவந்தார்கள். ஈரக் காற்று வீசும் சதுப்பு நிலப்பகுதி. கதரின் சில அறைகளுக்குள் தன்னை ஒடுக்கிக்கொண்டாள். நஞ்சு வைத்துவிடுவார்களோ என்ற பயத்தில் உணவைத் தன் அறையிலேயே, கண்முன்னாலேயே சமைக்கச் செய்தாள். இந்தப் பயம் அவளைச் சுற்றியிருந்த எல்லோருக்கும் தொற்றியிருந்தது. பிறகு நடந்ததைப் புரிந்துகொள்ள இது முக்கியம்.

1535 டிசம்பரில் நோய் வெளிப்பட்டது. வயிற்றில் வலி. சாப்பிட்டது தங்கவில்லை. தூக்கம் இல்லை. இடையில் கொஞ்சம் தெளிந்தது, மறுபடி கூடியது. அவளோடு ஒரு ஸ்பானிய வைத்தியர் இருந்தார். மிகுவெல் தெ லா ஸா என்பது அவர் பெயர். அவரால் செய்யக்கூடியது நாடி பார்ப்பதும் சிறுநீர் பார்ப்பதும்தான். உள்ளே என்ன வளர்கிறது என்று பார்க்க அந்தக் காலத்தில் உயிரோடிருக்கும் எவருக்கும் வழியில்லை. வேறு வைத்தியர்களை அழைக்கக் கதரினும் விரும்பவில்லை.

புத்தாண்டு தினத்தன்று மாலை இருட்டோடு ஒரு பெண் கோட்டை வாசலில் வந்து நின்றாள். மரியா தெ சலினாஸ். ஸ்பெயினிலிருந்து வந்து, ஆங்கிலப் பிரபுவொருவரை மணந்து, இப்போது அவளும் விதவை. அனுமதிக் கடிதம் இல்லை. வழியில் குதிரையிலிருந்து விழுந்துவிட்டேன், கடிதம் பின்னால் வருகிறது என்று காவலர்களிடம் கதை சொல்லி உள்ளே நுழைந்தாள். நுழைந்தவள் வெளியே வரவில்லை. நட்பு என்று கவிதை எழுதுகிறோம். இவள் குளிர்கால இரவில் குதிரையேறி வந்திருக்கிறாள்.

மறுநாள் பேரரசரின் தூதுவர் யூஸ்டாஸ் ஷப்புயி வந்து சேர்ந்தார். கதரினின் உடன்பிறந்தாள் மகனான சார்ள்ஸ் பேரரசரின் ஆள் அவர். நான்கு நாட்கள் தங்கி, தினமும் நெடுநேரம் அவளோடு பேசினார். அவள் கொஞ்சம் சாப்பிட்டாள், தூங்கினாள். தூதுவரின் ஆட்களில் ஒருவன் சொன்ன வேடிக்கைக்கு இரண்டு மூன்று தடவை சிரித்தாள். ஆபத்து நீங்கிவிட்டது என்று நம்பித் தூதுவர் விடைபெற்றார். ஜனவரி 6ஆம் திகதி அவள் யாருடைய உதவியுமின்றித் தன் கையாலேயே தலைவாரி முடிந்துகொண்டாள்.

அன்று நள்ளிரவு கடந்ததும் நிலைமை மாறியது. நேரம் என்ன, விடிந்துவிட்டதா என்று அடிக்கடி கேட்டாள். அவளுடைய குருவானவரான லண்டாஃப் ஆயர் பயந்து, விடியுமுன்னரே திருப்பலி ஒப்புக்கொடுக்கிறேன் என்றார். அவளோ அதற்குரிய நேரம் இன்னும் வரவில்லை என்று மார்க்க விதியை அவருக்கே எடுத்துச் சொல்லி மறுத்துவிட்டாள். வேறு மார்க்கத்தவள், வேறு வணக்கம். ஆனாலும் வக்து வரும்வரை காத்திருப்பது என்றால் என்னவென்று நமக்குத் தெரியும். சாவு அறைக்குள் வந்து நிற்கும்போதும் அவள் விடியலுக்காகக் காத்திருந்தாள்.

விடிந்த பின் தன் கடைசி விருப்பங்களை எழுதச் செய்தாள். ஆங்கிலச் சட்டப்படி கணவன் உயிரோடிருக்க மனைவி மரண சாசனம் எழுத முடியாது. விதவை எழுதலாம். அரசாங்கம் சொன்னபடி அவள் ஆர்தரின் விதவையென்றால் தாராளமாக எழுதியிருக்கலாம். அவள் எழுதவில்லை. மனைவி கணவனிடம் கேட்கும் வேண்டுகோளாகவே ஒரு பட்டியல் போட்டாள். பணியாட்களின் சம்பளத்தைக் கொடுக்கவேண்டும், தன் ஆடைகள் தேவாலயத்துக்குப் போகவேண்டும், ஸ்பெயினிலிருந்து தான் கொண்டுவந்த தங்கக் கழுத்தணி மகளுக்குச் சேரவேண்டும். இந்தச் சட்டநுணுக்கத்தைப் படித்தபோது சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக வந்தன. உயிர் போகும் நேரத்திலும் வழக்கை அவள் விட்டுக்கொடுக்கவில்லை.

பகல் இரண்டு மணிக்கு எல்லாம் முடிந்தது.

எட்டு மணி நேரத்தின் பின் உடலைப் பதப்படுத்துவதற்காகத் திறந்தார்கள். வைத்தியரையோ குருவானவரையோ உள்ளே விடவில்லை. திறந்தவன் அந்த வீட்டின் மெழுகுதிரிக்காரன். உடலை மெழுகுச் சீலையால் சுற்றவேண்டும் என்பதால் இந்த வேலையும் அவனுடையதாயிருந்தது. உதவிக்கு ஒரு வேலையாளும் இன்னொருவனும். ஒரு பெண்ணின் மையித்தைப் பெண்களே திரைக்குள் வைத்துக் குளிப்பாட்டிக் கபனிடும் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் காட்சியைக் கற்பனை செய்வதே கஷ்டம். குதிரையேறி வந்த அந்தத் தோழியை ஒரு கிண்ணம் தண்ணீர் ஊற்ற விட்டிருக்கலாம்.

மெழுகுதிரிக்காரன் பயந்துபோனான். தான் கண்டதைப் பிறகு இரகசியமாக, வெளியே தெரிந்தால் தன் உயிர் போகும் என்ற நடுக்கத்தோடு, ஆயரிடம் சொன்னான். இதயம் முழுவதும் கறுப்பு, பார்க்கவே பயங்கரம். மூன்று தண்ணீரில் கழுவினான், நிறம் மாறவில்லை. பிளந்து பார்த்தான், உள்ளேயும் அதே கறுப்பு. வெளிப்புறத்தில் உருண்டையான கரிய பொருளொன்று கெட்டியாக ஒட்டிக்கொண்டிருந்தது. ஆயர் வைத்தியரிடம் சொன்னார். வைத்தியர் ஷப்புயியிடம் சொன்னார். ஷப்புயி பேரரசருக்கு எழுதினார். அந்தக் கடிதத்தால்தான் இன்று நமக்கு இது தெரியும். தொழிலால் வைத்தியனல்லாத ஒருவன் கூட்டாமல் குறைக்காமல் கண்டதைச் சொன்னான். மூன்று தடவை கழுவிப் பார்த்த அவனுடைய கவனத்தை நான் மெச்சுகிறேன்.

ஆனால் செய்தியைக் கேட்டவர்கள் ஏற்கெனவே தங்கள் மனத்தில் இருந்ததையே அதில் கண்டார்கள். வைத்தியரும் தூதுவரும் நஞ்சு என்று முடிவு கட்டினார்கள். அவள் ஒருநாள் வேல்ஸ் நாட்டு பியர் குடித்தாள், அதன்பின்தான் நோய் கூடியது என்று வைத்தியர் நினைவுபடுத்தினார். கொடுத்தது யார்? எல்லா விரல்களும் ஆன் பொலினை நோக்கி நீண்டன.

இந்த இடத்தில் எங்கள் குடும்பத்தில் நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். என் உம்மாவின் தங்கை, எங்கள் சாச்சி, ஒரு நோன்பு மாதத்தில் ஸஹருக்கு ஆக்கிவைத்துவிட்டுப் படுத்தார். எழும்பவில்லை. வாய்வு என்று இஞ்சிப் பிளேன்டீ குடித்துக்கொண்டு கடைசி நாள்வரை ஓடியாடித் திரிந்தவர். முதல்நாள் இஃப்தாருக்கு மதினி கஞ்சி அனுப்பியிருந்தார். இருவருக்கும் காணிப் பிரச்சினை இருந்தது ஊருக்கே தெரியும். ஜனாஸா வீட்டு முற்றத்தில் முதலில் ஒருவர் முணுமுணுத்தார், பிறகு நால்வர். மையித்தைக் கிழிக்க வேண்டுமா என்று எங்களில் பலருக்கு மனமில்லாமலிருந்தும், திடீர் மரணம் என்பதால் பிரேத பரிசோதனை நடந்தது. வயிற்றில் யாருக்கும் தெரியாமல் முற்றியிருந்த புற்றுநோய், அது ஈரல்வரை போய் உள்ளே இரத்தம் கசிந்திருக்கிறது என்று அறிக்கை சொன்னது. அந்த ஒரு தாள் இல்லாவிட்டால் மதினி இன்றுவரை அந்தத் தெருவில் தலைநிமிர்ந்து நடந்திருக்க மாட்டார்.

ஆன் பொலினுக்கு அப்படி ஒரு தாள் கிடைக்கவில்லை. கதரினின் மரணச் செய்தி வந்தபோது அரசவையில் மஞ்சள் உடை உடுத்திக் கொண்டாடினார்கள் என்று குறிப்புகள் சொல்கின்றன. ஷப்புயி எழுதியதன்படி மஞ்சள் உடுத்தியவன் ஹென்றி. வேறொரு வரலாற்றுக் குறிப்பு ஆனைச் சொல்கிறது. எப்படியோ பழி அவள்மீதே நிலைத்தது. நான்கு மாதங்களில் அவள் வேறு குற்றச்சாட்டுகளில் சிறைப்பட்டாள். அப்போது ஹென்றியே தன் மகன் ஃபிட்ஸ்ரோயைக் கட்டிக்கொண்டு, உன்னையும் மேரியையும் நஞ்சிட்டுக் கொல்ல நினைத்தவளிடமிருந்து தப்பினீர்கள் என்ற கருத்தில் அழுதானாம். மே 19ஆம் திகதி அவள் தலை வெட்டப்பட்டது. கதரின்மீது எனக்குள்ள பாசத்தில் ஆனை எனக்குப் பிடிக்காது. ஆனாலும் கதரினின் இதயத்தை அவள் கறுக்கச் செய்யவில்லை. பிடிக்காதவளுக்கும் அந்தச் சாட்சியத்தைக் கொடுத்துத்தான் ஆகவேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நோர்மன் மூர் என்ற லண்டன் வைத்தியர் மெழுகுதிரிக்காரனின் விவரத்தை ஒரு வைத்தியனின் கண்ணோடு படித்தார். நஞ்சு அல்ல, கரும்புற்று என்றார். அவருக்குப் பின் வந்த பெரும்பாலான வைத்தியர்களும் அதையே ஏற்றார்கள். நம் தோலுக்கு நிறம் கொடுப்பது மெலனின். அதை உண்டாக்கும் கலங்களில் தோன்றும் புற்றுநோய் மெலனோமா. தோலில் ஒரு சிறு மறுவாக, அல்லது கண்ணுக்குள்ளே ஆரம்பிக்கலாம். ஆரம்பித்த இடம் யார் கண்ணிலும் படாமலே போகலாம். அங்கிருந்து இரத்தத்தோடு மற்ற உறுப்புகளுக்குப் பரவும். இதயத்தில் தானாகத் தோன்றும் புற்றுநோய் மிக அரிது. ஆனால் வேறிடத்திலிருந்து இதயத்துக்குப் பரவும் புற்றுநோய்களில் மெலனோமா முன்னிலையில் நிற்கிறது. போகுமிடமெல்லாம் தன் நிறத்தையும் கொண்டுபோகும். அது இரத்தக் கறையல்ல, சதையின் நிறம். மூன்று தண்ணீரில் கழுவினாலும் ஏன் போகவில்லை, உள்ளேயும் ஏன் கறுப்பு, அந்த உருண்டை எங்கிருந்து வந்தது என்ற மூன்றுக்கும் இது பதில் சொல்கிறது. அக்காலத்து நஞ்சு எதுவும் இதயத்தின்மேல் ஓர் உருண்டையை வளர்த்திருக்காது.

துயரத்தில் கறுத்த நெஞ்சு என்ற கதையும் இதோடு போய்விடுகிறது. அது போவதில் எனக்குக் கொஞ்சம் நிம்மதிதான். கணவன் விட்டுப்போன துயரத்தில் உருகிச் செத்தவள் என்று பாடுவது, கேட்க அழகாயிருந்தாலும், ஆண்டுக்கணக்கில் ஓர் அரசையே எதிர்த்து நின்ற பெண்ணைச் சிறிதாக்குகிறது. அவளுக்கு நோய் இருந்தது. வழக்குகளும் கடிதங்களும் எழுதிக்கொண்டிருந்த காலத்திலேயே அது உள்ளே வளர்ந்துகொண்டிருந்திருக்கலாம். அவள் உடம்பைப் பற்றி முப்பது ஆண்டுகளாக இரண்டு நாடுகள் பேசின. ஆர்தரோடு வாழ்ந்தாளா, ஆண் பிள்ளை பெறுவாளா, இனிப் பெறுவாளா என்று. அந்த உடம்புக்கு என்ன நோய் என்பது மட்டும் ஒருவருக்கும் தெரியாமலிருந்தது.

1536 ஜனவரி 29ஆம் திகதி பீற்றர்பரோ துறவுமடத்து ஆலயத்தில் அவளை அடக்கினார்கள். அரசிக்குரிய மரியாதையோடு அல்ல, ஆர்தரின் விதவை என்ற பட்டத்தோடு. அந்தப் பெயரில் நடக்கும் சடங்கில் நிற்கமாட்டேன் என்று ஷப்புயி போகவில்லை. ஹென்றியும் போகவில்லை. மேரிக்கு அனுமதியில்லை. 1643இல் உள்நாட்டுப் போரின்போது பாராளுமன்றப் படையினர் அவளது கல்லறையையும் உடைத்தார்கள். இப்போது அந்த இடத்தில் கறுப்புக் கல்லொன்று கிடக்கிறது. அதற்கு மேலே பொன்னெழுத்துகளில் கதரின், இங்கிலாந்தின் அரசி என்று எழுதிவைத்திருக்கிறார்கள். அந்தக் கல்லுக்கான பணத்தைக் கதரின் என்று பெயர் கொண்ட பெண்கள் சேர்த்துக் கொடுத்தார்கள். ஒவ்வொரு ஜனவரியிலும் அங்கே வருகிறவர்கள் கல்லின்மேல் மாதுளம்பழங்களை வைத்துவிட்டுப் போகிறார்கள்.